படிக்கப்பட்டது

ஓக்லஹோமாவில் எங்கள் சிறைக்கு வரும் கடிதங்களை ஸ்கேன் செய்துவிட்டுத் தாளை அழித்துவிடுவோம். கைதி அவற்றைத் தன் டேப்லெட்டில் படிப்பான். ட்ராய் என்ற கைதி டிசம்பரில் நெஞ்சுவலி வந்து இறந்தான். மார்ச்சில் அவன் அம்மா வெர்லீன் என் மேசைக்கு வந்து, மகனுக்குத் தான் எழுதிய கடிதங்களைக் கேட்டாள்.

"தனிப்பட்ட கடிதம் அரசு ஆவணம் ஆகாதும்மா. சட்டப்படி தர முடியாது."

"எழுதினது எனக்கே தெரியும். அவன் படிச்சானா, அதை மட்டும் சொல்லு. ஒரு பதில் போடலியே, பாவி!"

கடிதம் திறக்கப்பட்டதா என்கிற பதிவு அரசு ஆவணம்தான், அதைத் தரலாம். அச்சிட்டுக் கொடுத்தேன். உயிரோடு இருந்தவரை அவன் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"செத்தப்புறமும் எழுதினேன். பழக்கதோஷம்," என்றாள்.

அவன் பெயரை யாரும் கணினியிலிருந்து எடுக்காததால் அவற்றையும் ஸ்கேன் செய்திருந்தோம். அவை ஒவ்வொன்றுக்கும் எதிரே 'படிக்கப்பட்டது' என்றிருந்தது.

அவன் டேப்லெட் என் பின்னாலிருந்த அலமாரியில், முத்திரையிட்ட உறைக்குள், சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

"மெஷின் கோளாறும்மா. இன்னைக்கே சரி பண்ணச் சொல்றேன்."

வெர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி பண்ணிடாதே, கண்ணு. இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கான்."