கூரை மடக்கிய கார்

சிவப்பிரகாசத்தின் வலக்கை துண்டுக்கடியில் இருந்தது. தரகர் குழந்தைவேல் அதற்குள் கையை விட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாய் அழுத்திக்கொண்டிருந்தார்.

மாட்டுக்குத்தான் இப்படி விலை பேசுவார்கள். வில்லியனூரில் காருக்கு யார் பேசினார்கள்? ஆனால் குழந்தைவேலுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். சுற்றி நிற்பவர் காதில் விலை விழாது. விரல் ஒத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. வாங்குகிறவர் யார் என்பதையும் அதற்குப் பிறகுதான் சொல்வார்.

விலையைப் பற்றிச் சிவப்பிரகாசத்துக்குக் கவலை இல்லை. வண்டி சுப்பராயலு கைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

மேல வீதிப் பங்காளி. தாத்தா காலத்து வரப்புச் சண்டை. அந்த ஆள் இந்தக் காரில் கூரையை மடக்கிப் போட்டுக்கொண்டு தேரடியைச் சுற்றினால், சிவப்பிரகாசம் நாண்டுகொண்டு சாகத்தான் வேண்டும்.

பின்னே, லேசுப்பட்ட காரா அது? பிரான்சிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. தேர் வடம் பிடிக்க வந்த கவர்னர் துரையே அதைத் திரும்பிப் பார்த்தாராம். துரை பார்த்தது காரை அல்ல, பக்கத்தில் நின்ற யானையை என்று ஊரில் ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரியும். வயிற்றெரிச்சல் பிடித்த கூட்டம்.

சிவப்பிரகாசம் ஏறினால் கூரை மடங்கும். வீட்டுப் பெண்கள் ஏறினால் கூரையும் ஏறும், பக்கத்துக்கு ஒரு படுதாவும் தொங்கும். குடும்ப மானம் ஆயிற்றே!

இப்போது இதைவிடப் பெரிய கார் வரப்போகிறது. அதனால்தான் விற்கிறார், இல்லாமை ஒன்றும் இல்லை. இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லியாகிவிட்டது.

"இன்னாய்யா, சுப்பராயலுக்கா வாங்கற?"

"மாரியம்மா சத்தியமா இல்லீங்க. உங்க வூட்டு கௌரவத்துக்கு ஒரு நூல் கொறையாத எடம்."

அந்தச் சொல் சிவப்பிரகாசத்துக்குப் பிடித்துப்போயிற்று. விரலை இறுக்கிப் பிடித்தார். முடிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

குழந்தைவேல் தலையை ஆட்டினார். டிரைவர் இன்னாசிமுத்து போய்க் கூரையை மடக்கி, வாரை இழுத்துக் கட்டினான். வாங்குகிற இடத்தில் அப்படித்தான் கேட்டார்களாம்.

"அவங்க எப்ப வருவாங்க?" என்றார் சிவப்பிரகாசம்.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி தையலம்மாள் வந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறையக் கதம்பம். பட்டப்பகலில், தெருவே பார்க்க, காரில் ஏறிப் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா குடுத்த பாகூர் நெலம். அதுல வந்த என் கரும்புப் பணத்துல வாங்கினேன். இனிமே இந்த வண்டிக்குக் கூரை ஏறாது."

சிவப்பிரகாசத்துக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. வாயைத் திறந்தால் பேச்சு மாறினவர் என்று பெயராகிவிடும். குழந்தைவேலை முறைத்தார். அந்த மனுஷர் வானத்தில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. தையலம்மாள் தலையைக் குனியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கோயில் கோபுரத்தை நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தானே இந்தக் காரில் இவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்ததில்லையோ என்று சிவப்பிரகாசத்துக்குத் தோன்றிவிட்டது. அடேயப்பா, என்ன பெண்பிள்ளை! யார் பெண்டாட்டி!

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நாலு எட்டு ஓடினார்.

"டேய் இன்னாசி! மேல வீதி வழியாப் போடா! சுப்பராயலு வூட்டு வாசல்ல மெதுவாப் போ!"