கணக்கர் வீட்டுச் செப்புக்குடம்

உலகோர் கவனத்திற்கு: தலைமைக் கணக்கரின் மூட்டுவலி நாட்டை விட்டே ஓடிவிட்டது. அதற்குக் காரணமான செப்புக்குடத்தைத் தரிசிக்க அலுவலகமே அவர் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது.

“ராத்திரி இவ குடத்துல தண்ணி ஊத்தி வெப்பா. காலையில நான் குடிப்பேன். அவ்வளவுதான், பலம் தானா வந்துடும்!”

மனைவி எல்லோருக்கும் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.

“உள்ள இறங்கும்போதே தெரியுது சார்!” என்றார் காசாளர். “அந்தக் குடத்தையும் கண்ணால பாத்துடறோமே.”

“வேண்டாங்க, சமையல்கட்டு அலங்கோலமா கிடக்கு” என்று மனைவி பதறினாள்.

“நீ சும்மா இரு!” உள்ளே போன கணக்கர், குடத்தை ஒற்றைக் கையில் பூப்போலத் தூக்கிவந்தார்.

“பாத்தீங்களா? நிறைகுடம்! இந்த வயசுல எவன்யா இப்படித் தூக்குவான்?”

கைதட்டல் அடங்கியதும் மூடியைத் திறந்தார்.

குடம் நிறைய, மடித்து வைத்த பிளாஸ்டிக் பைகள் இருந்தன.