முட்டியைப் பிடித்தவன்

திண்டிவனத்து மாடி அறையில் மதிய வெயில் அன்புச்செல்வியின் கணினித் திரை மேல் விழுகிறது. திரைக்குள்ளே ஆஸ்திரேலியாக்காரர்கள் முட்டை வடிவப் பந்தைத் துரத்தித் துரத்தித் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊர் அணிக்காக, எவன் எவ்வளவு உழைத்தான் என்று வீடியோ பார்த்து ஐந்துக்கு மார்க் போடுவது அவள் வேலை. இரண்டுக்குக் கீழே வாங்கினால் அவனுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. காலையிலிருந்து பார்த்ததில் அவளுக்குக் கண் எரிகிறது. இருபத்துமூன்றாம் எண்காரன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான். "தெம்பே இல்ல, ஒண்ணு போடும்மா" என்கிறார் பின்னால் நிற்கும் சூப்பர்வைசர் நடராசன். "மல்லாட்டைச் செடி புடுங்கக் கூலிக்குப் போயிருக்கீங்களா சார்? முட்டியப் புடிச்சிக்கினு நிக்கிறவன் வேலை செஞ்சவன். இடுப்புல கை வச்சிக்கினு நிக்கிறவன் மேஸ்திரி." திரும்பிப் பார்க்காமலே நாலு போடுகிறாள். நடராசன் இடுப்பிலிருந்து கைகளை எடுக்கிறார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.