தட்டாத கை

அமைச்சர் மாசிலாமணி சட்டமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும், அவர் கண் இரண்டு இருக்கை தள்ளியிருந்த முதல்வரின் வலது கையை விட்டு நகரவில்லை. அந்தக் கை மேசையைத் தட்டினால்தான் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் தட்டுவார்கள். இன்று அது பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லிபோல அசையாமல் கிடந்தது. எதிர்க்கட்சி வரிசையில், கடலோரத் தொகுதியின் உறுப்பினர் அலர்மேல் விடுவதாயில்லை. “புயல் காப்பகம் கட்டி முடிச்சாச்சுன்னு செலவு காட்டியிருக்கீங்க. புயலன்னிக்கு எங்க சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு அங்கதான் ஓடுச்சு. பெயர்ப்பலகை மட்டும்தாங்க நின்னுச்சு. போன உசுருக்கு யாருங்க பொறுப்பு?” “அதிகாரிகள்கிட்ட விளக்கம் கேட்டிருக்கோம்” என்றார் மாசிலாமணி. கை அசையவில்லை. “ஒப்பந்தக்காரர் மேலயும் நடவடிக்கை...” விரல்கள் மெல்ல உள்ளே மடங்கின. ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுப்பது என்று கைகாட்டியது இதே கைதான். அன்று முதல்வரின் அறையில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. பக்கத்து இருக்கை அமைச்சர் கொஞ்சம் விலகி உட்கார்ந்தார். பின்வரிசைகளில் உள்ளங்கைகள் மேசைக்கு மேலே காத்திருந்தன. “துறை அமைச்சருங்கிற முறையில...” என்று இழுத்தார். கை மெல்ல எழுந்தது. “நான்தான் பொறுப்பு.” கை ஒரே ஒருமுறை, வலிக்காமல், மேசையைத் தட்டியது. உடனே கூரையே இடிந்து விழுவதுபோல் எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தம் ஓயவேயில்லை. தன் கையும் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பதை மாசிலாமணி அப்போதுதான் பார்த்தார்.