கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் தண்ணீர்

முதல் திருகாணி வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. விஷ்ணுப்ரியாவுக்கு அதுகூட ஆறுதலாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மொட்டைமாடியில், அவள் பொருத்திய சோலார் வெந்நீர்ப் பெட்டிகள் இரண்டு அருகருகே வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி மூடி.

இடது பெட்டியின் குழாய்களில் ஓடுவது வெறும் தண்ணீர். சூடானதும் அது கீழே கடைக்குப் போய் எண்ணெய்ப் பிசுக்குச் சட்டிகளைக் கழுவும். மாடியை இரவல் கொடுத்ததற்கு அவள் செய்த கைம்மாறு அது.

வலது பெட்டியில் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி ஓடியது. கண்ணுக்கே தெரியாத நானோ கரித்துகள்களைக் கலந்த கறுப்புத் தண்ணீர். அதே வெயிலில் வெறும் தண்ணீரைவிட அதிகச் சூட்டைப் பிடிக்கும் என்று பேராசிரியர் கமலநாதனிடம் அவள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை.

கடை முதலாளி தம்புசாமி அதற்குக் 'கோப்பி ஓ', அதாவது பால் விடாத கறுப்புக் காப்பி, என்று பெயர் வைத்திருந்தார்.

பூச்சோங் ஆய்வுக்கூடத்தில் கோப்பி ஓ ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது. மாடிக்கு வந்ததும் படுத்துக்கொண்டது. இரண்டு பெட்டிகளின் சூடும் அவள் கைப்பேசிக்கே வந்துவிடும் என்பதால் மாடி ஏறவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு மாதமாக இடதும் வலதும் ஒரே எண்.

நேற்று கமலநாதன் சொல்லிவிட்டார், கழற்றிவிடு என்று. கறுப்புத் தண்ணீரை மறந்துவிட்டு வேறு தலைப்பு தேட வேண்டும். கழற்றியதை ஏற்றிப்போகப் பன்னிரண்டு மணிக்கு லோரி வருகிறது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த திருகாணிக்குப் போனாள். வெயிலில் அழுதால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, அது ஒரு வசதி.

படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முதலில் தம்புசாமியின் தலை தெரிந்தது, பிறகு தொந்தி, பிறகு இரண்டு கையாலும் பிடித்திருந்த பெரிய அலுமினியத் தட்டு. தட்டு நிறைய மோர் மிளகாய்.

"வெள்ளிக்கிழமைலம்மா, என்னிக்கும் இல்லாத சைவக் கூட்டம். அதான் இன்னிக்கு லேட்டு."

சொல்லிக்கொண்டே, வீட்டு அலமாரியில் வைப்பதுபோல், தட்டை வலது பெட்டியின் கண்ணாடி மேல் வைத்தார். கண்ணாடியில் கால்வாசி மறைந்தது.

தினமும் இங்கேதானா என்று கேட்டாள்.

"பின்ன? காலைல வச்சா மழைக்குத்தான் எடுப்பேன். உன் கோப்பி ஓ வர்றதுக்கு முன்ன அந்தப் பக்கம் வைப்பேன், ரெண்டே நாள்ல காஞ்சிரும். ஆனா அது என் கடைத் தண்ணி, மறைக்கலாமா? உன்னுது சும்மா ஆராய்ச்சிதானேன்னு இங்க மாத்திட்டேன். கோவிச்சுக்காதம்மா, உன் கோப்பி ஓ சரியில்ல லா. கண்ணாடி சுடவே மாட்டேங்குது. நாலு நாளாகியும் மிளகா ஈரமாவே கெடக்கு."

விஷ்ணுப்ரியா இடது கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சுரீர் என்றது, எடுத்துக்கொண்டாள். வலது கண்ணாடியில் வைத்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

இடது பெட்டி, வாங்கிய சூட்டில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியே வானத்துக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வலது பெட்டி கஞ்சன். வாங்கியதை வெளியே விடாமல் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

தம்புசாமியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் மாடியிலிருந்து தள்ளிவிட வேண்டும் போலவும் அவளுக்கு ஒரே நேரத்தில் இருந்தது. இரண்டும் செய்யாமல் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்து வைத்தார்.

தட்டைத் தூக்கினாள். கை தானாக இடது கண்ணாடிப் பக்கம் போனது. அங்கே வைத்தால் எண்கள் இன்னும் அழகாக வரும். ஒரு நொடி ஆசைப்பட்டுவிட்டு, நல்ல பிள்ளையாகத் தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் வைத்தாள்.

துக்கத்தில் காலையிலிருந்து தொடாத கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். இடது ஐம்பத்தெட்டு டிகிரி. வலது அறுபத்தாறு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கமலநாதன் அழைத்தார். கழற்றியாகிவிட்டதா என்றார். இல்லை என்று சொல்லி, இரண்டு எண்களையும் படித்துக் காட்டினாள்.

ஒரு மாதமாக ஏறாத சூடு இன்றைக்கு மட்டும் எப்படி ஏறும் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

விஷ்ணுப்ரியா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் சார் அது முழு வெயிலையே பாக்குது."