வாடகை இல்லாத டவர்

குரும்பலூரில் வெற்றிச்செல்வி நடத்திவந்த கேபிள் இன்டர்நெட்டை, ஆறு மாதம் இலவசம் என்று அறிவித்தே மூடவைத்தது ஒரு பெரிய செல்போன் கம்பெனி. அதன் மேனேஜர் அறிவரசனைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

அலைக்கற்றை ஏலத்தில் ஜெயித்த வேறொரு கம்பெனி ஊரில் இடம் தேடியதும் அவளே ஓடினாள்.

“என் கொல்லையில டவர் போட்டுக்குங்க சார். இருவது வருஷத்துக்கு வாடகையே வேணாம். அந்த அறிவரசன் கம்பெனியை ஊரை விட்டே தொரத்துங்க, போதும்!”

பத்திரம் பதிவானது. டவரும் எழுந்தது.

திறப்பு விழாவுக்குக் காரில் வந்து இறங்கினான் அறிவரசன்.

“நீ எதுக்குடா இங்க வந்தே?”

“தெரியாதாக்கா? நேத்து இந்தக் கம்பெனியை எங்க கம்பெனி வாங்கிடுச்சு.”

புது மேனேஜருக்கென்று அவள் வைத்திருந்த ரோஜா மாலைக்குக் கழுத்தை நீட்டினான்.