வீட்டுக்கு விட்ட மரம்

தாண்டிக்குடி மலையில் ஜெயக்கொடியின் ஆரஞ்சு மரங்களெல்லாம் பழம் வாங்கும் கம்பெனி கொடுத்த வேரில் ஒட்டுக்கட்டியவை. விற்பனைக்குப் போகும் பழம் பங்குனியிலும் சாறு வற்றாமல் இனித்தது. வீட்டுக்கென்று விட்டிருந்த ஒரு மரத்தில் மட்டும் பழங்களெல்லாம் தோல் கழன்று சக்கையாகத் தொங்கின.

“ரகம் சரியில்ல” என்றான் கணவன் தவமணி.

“எல்லாம் ஒரே தாய்மரத்துக் குச்சிங்க. அடியில இருக்கிற வேருலதான் ஏதோ சூது இருக்கு.”

“எது வீட்டு மரம்னு வேருக்கு எப்படித் தெரியும்?”

அந்தக் கேள்விதான் அவளை உறுத்தியது. மறுநாள் அந்த மரத்தடியில் தனியாக நின்று, யாரிடமோ சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்: “இந்த மரத்தையும் கம்பெனிக்கே குடுத்துரலாம்.”

அடுத்த வாரம் அதில் பறித்த பழத்தை அங்கேயே நின்று பிட்டதும் சாறு முழங்கைவரை வழிந்தது. தவமணி சப்புக்கொட்டித் தின்றான். “பாத்தியா, வீணா சந்தேகப்பட்ட.”

ஜெயக்கொடி சுளையை வாயில் வைக்கவில்லை. தோட்டத்தில் அந்த மரத்தடியில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மகள் தன் புருஷன் வீட்டில் படும் பாட்டையெல்லாம் வருஷம் முழுக்க அந்த வேரின்மேல் நின்றுதான் பேசியிருக்கிறாள்.

கையிலிருந்த போன் அடித்தது. மகள்தான். எடுக்காமலே மரத்தை விட்டு விலகி நடந்தாள், சிக்னல் அறுந்து மணி நிற்கும்வரை.